மாறுநிலைக்கு மேலே இருப்பது சாதாரண உலோகம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் அறிவியல் பக்கத்தில் மீக்கடத்திகள் பற்றி வந்த கட்டுரை எங்கள் கடற்கரைப் பள்ளிகள் சிலவற்றின் அறிவிப்புப் பலகையில் இன்னும் ஒட்டியிருக்கிறது. பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுத்தான் கண்காட்சிக்குத் தலைப்பு எடுக்கிறார்கள். அதனாலேயே அதில் உள்ள ஒரு கருத்தைத் திருத்தச் சொல்லி எழுதுகிறோம். தாமிர ஆக்ஸைடு மீக்கடத்திகள் மாறுநிலை வெப்பநிலைக்கு (மின்தடை மறையும் வெப்பநிலைக்கு) மேலே போனதும் சாதாரண உலோகமாகிவிடும் என்று கட்டுரை சொல்கிறது. பாதரசத்துக்கும் ஈயத்துக்கும் அது பொருந்தும். தாமிர ஆக்ஸைடுகளுக்குப் பொருந்தாது. 1986 முதல் இன்றுவரை இத்துறையினர் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதே அந்த மேல் பகுதியோடுதான்.

பாதரசம் 4.2 கெல்வினில் மின்தடையை இழப்பதை லைடன் நகரில் கமர்லிங் ஓன்ஸ் 1911-இல் கண்டார். விளக்கம் வர 1957 ஆயிற்று. பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் தங்கள் கொள்கையை ஒரு நல்ல உலோகத்திலிருந்து தொடங்கினார்கள். அங்கே எலக்ட்ரான்களை உந்தப்படி வரிசைப்படுத்தினால், நிரம்பிய நிலைகளின் எல்லையான ஃபெர்மி பரப்பு வரை அவை நிரம்பியிருக்கும். அந்தப் பரப்பு எங்கும் அறுபடாமல் மூடியிருக்கும். மாறுநிலைக்குக் கீழே எலக்ட்ரான்கள் இணை சேர்கின்றன, கூடவே எலக்ட்ரான் நிலைகளே இல்லாத ஓர் ஆற்றல் இடைவெளி திறக்கிறது. சூடாக்கினால் இடைவெளி சுருங்கி, மாறுநிலையில் சரியாகப் பூஜ்யமாகி, பழைய உலோகம் திரும்புகிறது. மேலே என்ன இருக்கிறது என்பது முன்பே தெரிந்திருந்ததால்தான் கீழே நடப்பதைக் கணக்கிட முடிந்தது.

தாமிர ஆக்ஸைடுகளில் அந்தத் தொடக்கமே கைக்கு வரவில்லை. 1986-இல் சூரிச் அருகே ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெட்நோர்ஸ், முல்லர் இருவரும் லாந்தனம் பேரியம் தாமிர ஆக்ஸைடில் 30 கெல்வின் பக்கம் மீக்கடத்தலைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே இட்ரியம் பேரியம் தாமிர ஆக்ஸைடு 93 கெல்வினைத் தொட்டது. திரவ நைட்ரஜன் 77 கெல்வினில் கொதிப்பதால் கல்லூரி ஆய்வகங்களுக்கும் வழி திறந்தது. எல்லாவற்றிலும் வேலை நடப்பது தாமிரமும் ஆக்ஸிஜனும் சதுரக் கட்டங்களாக அமைந்த தளத்தில்தான். கலப்பு எதுவும் செய்யாத லாந்தனம் தாமிர ஆக்ஸைடை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாமிர அணுவுக்கு ஒரு துளை, அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடம். எலக்ட்ரான்கள் இருக்கும் ஆற்றல் பட்டை பாதி நிரம்பியது. பாடப்புத்தகக் கணக்குப்படி அது உலோகமாக இருக்க வேண்டும். ஆனால் அது மின்கடத்தாப் பொருள். ஒரே தாமிரத்தில் இரண்டு துளைகள் சேர்ந்தால் அவற்றின் விலக்கு விசைக்கான ஆற்றல் மிக அதிகம். அதனால் எதுவும் இடம்பெயர முடியாமல் நின்றுவிடுகிறது. இடைவெளி ஏறக்குறைய 2 எலக்ட்ரான் வோல்ட். நகர முடியாத அந்தத் துளைகளின் தற்சுழற்சிகள் (ஸ்பின் என்னும் சிறு காந்தத் தன்மை) மட்டும் ஒன்றுக்கொன்று எதிராக அடுக்கிக்கொண்டு, ஏறக்குறைய 325 கெல்வின் வரை எதிர்ஃபெர்ரோ காந்தமாக இருக்கின்றன.

இதில் லாந்தனத்துக்குப் பதிலாகக் கொஞ்சம் ஸ்ட்ரான்சியத்தைச் சேர்த்தால் தளத்துக்குக் கூடுதல் துளைகள் வருகின்றன. 100 தாமிரத்துக்கு 2 துளை வந்தாலே காந்த ஒழுங்கு குலைகிறது. 5 துளையில் மீக்கடத்தல் தலைகாட்டுகிறது, 16-இல் உச்சம், 27 பக்கம் மறைகிறது. துளை எண்ணிக்கையை இடமிருந்து வலமாகக் குறித்தால், அந்த வரைபடத்தின் வலது ஓரத்தில், அதாவது துளை மிகுந்த பக்கத்தில் மட்டும், உங்கள் கட்டுரை சொன்ன சாதாரண உலோகத்தைக் கிட்டத்தட்டப் பார்க்கலாம். இடதுபக்கமும் நடுவும் வேறு கதை.

இடதுபக்கத்தை முதலில் காட்டிக்கொடுத்தது அணுக்கரு காந்த ஒத்ததிர்வு. 1989-இல், ஆக்ஸிஜன் குறைந்த இட்ரியம் சேர்மத்தில், தற்சுழற்சிகள் காந்தப்புலத்துக்குக் காட்டும் துலங்கல் மாறுநிலைக்கு வெகு மேலேயே குறையத் தொடங்குவதைக் கண்டார்கள். சாதாரண உலோகத்தில் அது வெப்பநிலையோடு பெரிதாக மாறாது. ஆற்றல் குறைந்த நிலைகள் காணாமல் போய்க்கொண்டிருக்கின்றன என்பதே பொருள். இதைத்தான் போலி இடைவெளி என்கிறோம். மீக்கடத்தல் இல்லை, மின்தடை இருக்கிறது, ஆனாலும் இடைவெளி திறந்திருக்கிறது.

அந்த இடைவெளி எந்தத் திசையில் இருக்கிறது என்பதை 1996-இல் கோணம் பிரித்தறியும் ஒளி உமிழ்வுச் சோதனை காட்டியது. ஸ்டான்ஃபோர்டு குழு ஒன்று. கம்புசானோ, நார்மன், அப்போது மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த மொஹித் ராண்டேரியா ஆகியோர் உள்ளிட்ட குழு இன்னொன்று. பிளஸ் டூ பாடத்தில் உள்ள ஒளிமின் விளைவேதான் அடிப்படை. புற ஊதாக் கதிர் எலக்ட்ரானை வெளியே தள்ளுகிறது. வெளிவரும் எலக்ட்ரானின் ஆற்றலையும் கோணத்தையும் அளந்தால், உள்ளே அதற்கு எவ்வளவு ஆற்றல், எந்தத் திசையில் எவ்வளவு உந்தம் இருந்தது என்று கணக்கிடலாம். ஹீலியம் விளக்கின் 21.2 எலக்ட்ரான் வோல்ட் ஒளியே போதும். சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. இப்படி வெளிவரும் எலக்ட்ரான் மேற்பரப்பிலிருந்து ஒரு நானோமீட்டருக்கும் குறைவான ஆழத்திலிருந்தே வருகிறது. ஒரே ஒரு அடுக்கு அழுக்கு படிந்தாலும் தகவல் போய்விடும். எனவே படிகத்தின் மேல் ஒரு சிறு கம்பத்தைப் பசையால் ஒட்டி, வெற்றிடத்துக்குள் வைத்தபின் அதைத் தட்டிப் படிகத்தைப் பிளந்து புது முகம் எடுப்பார்கள். வெற்றிடம் டார் அலகில் பத்தாயிரம் கோடியில் ஒன்று என்ற அளவுக்கு இருக்க வேண்டும்.

பிஸ்மத் கலந்த தாமிர ஆக்ஸைடுச் சேர்மத்தை எல்லோரும் விரும்புவது இதனால்தான். அதன் இரண்டு பிஸ்மத் ஆக்ஸைடு அடுக்குகளுக்கு இடையே பிணைப்பு வலுவற்றது. அங்கேயே சுத்தமாகப் பிளக்கும். இட்ரியம் சேர்மம் அப்படிப் பிளக்காது. பிளந்த முகத்தில் மின்னூட்டம் மாறி, உள்ளே இருப்பதைவிடத் துளை மிகுந்த மேற்பரப்பு ஒன்று உருவாகிவிடும். இன்னொரு பிழையும் உண்டு. படிகத்துக்கும் தாங்கிக்கும் மின்தொடர்பு சரியில்லையென்றால் மேற்பரப்பில் மின்னேற்றம் சேர்ந்து ஆற்றல் அளவு நகரும். இல்லாத இடைவெளி இருப்பதுபோலத் தெரியும். அதற்காக, படிகத்தோடு மின்தொடர்பில் உள்ள ஒரு தங்கத் துண்டில் ஃபெர்மி மட்டத்தை அளந்து ஒப்பிட வேண்டும். மாறுநிலைக்கு மேலே அளக்கும்போது வெப்பமும் குறுக்கே வரும். 150 கெல்வினில் வெப்ப ஆற்றல் 13 மில்லி எலக்ட்ரான் வோல்ட். தேடும் இடைவெளியோ சில பத்து மில்லி எலக்ட்ரான் வோல்ட். வெப்பத்தால் எலக்ட்ரான்கள் பரவும் அளவைச் சொல்லும் ஃபெர்மி பரவலால் வகுத்துப் பார்க்காமல் வளைகோட்டைக் கண்ணால் மட்டும் படித்தால் ஏமாறுவோம்.

இவ்வளவு கவனத்தோடு அளந்தபோது கிடைத்த படத்தைப் பாம்பன் பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு எளிதில் சொல்லலாம். வடக்கே பாக் நீரிணை, நம்மவர்கள் பெண் கடல் என்பது, அமைதியாகக் கிடக்கும். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல், அலையடிக்கும். ஒரே தண்ணீர், திசைக்கொரு குணம். தாமிர ஆக்ஸைடுத் தளத்தில் தாமிரம்–ஆக்ஸிஜன் பிணைப்பின் திசையில் உந்தம் கொண்ட எலக்ட்ரான்களுக்கு மாறுநிலைக்கு மேலேயும் இடைவெளி இருக்கிறது. மூலைவிட்டத் திசையில் ஓடும் எலக்ட்ரான்களுக்கு இடைவெளி இல்லை. அவை உலோகம்போல நடக்கின்றன. 1998-இல் இதன் விளைவு தெளிவாயிற்று: மூடிய ஃபெர்மி பரப்புக்குப் பதில் நான்கு தனித்தனி வில்கள். சூடாக்கினால் வில்கள் நீண்டு, போலி இடைவெளி மறையும் வெப்பநிலையில் ஒன்றோடொன்று சேர்கின்றன. ஆரம்பமும் முடிவும் உள்ள ஃபெர்மி வில் சாதாரண உலோகத்தில் இருக்கவே முடியாது. உங்கள் கட்டுரையின் கருத்தை நாங்கள் மறுப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

வேறு வழியிலும் சரிபார்த்திருக்கிறார்கள். வலிமையான காந்தப்புலத்தால் மீக்கடத்தலை அடக்கிவிட்டு, குறைந்த வெப்பநிலையிலேயே கீழே ஒளிந்திருக்கும் உலோகத்தைப் பார்ப்பது அந்த வழி. 2007-இல் துளை குறைந்த இட்ரியம் சேர்மத்தில், காந்தப்புலம் மாறும்போது மின்தடை ஏறியிறங்கும் குவாண்டம் அலைவுகள் கிடைத்தன. அவற்றின்படி ஃபெர்மி பரப்பு அடைக்கும் இடம், உந்த வெளியில் திரும்பத் திரும்ப வரும் ஒரு மண்டலத்தில் 2 சதவீதம் அளவே. 2008-இல் துளை மிகுந்த தாலியம் சேர்மத்தில் அதே சோதனை 65 சதவீதம் என்றது. துளை எண்ணிக்கை கொஞ்சம் மாறியதற்கு ஃபெர்மி பரப்பு இவ்வளவு மாறுகிறது. 2012-இல் ஊடுகதிர் ஆய்வுகள் இட்ரியம் சேர்மத்தில், மின்னூட்டம் அலைபோலக் கூடிக் குறைந்து அமையும் மின்னூட்ட அலை ஒழுங்கைக் கண்டன. அந்தச் சிறு பரப்புக்கு இந்த ஒழுங்கு காரணமாக இருக்கலாம். 2016-இல், காந்தப்புலத்தில் குறுக்கே எழும் மின்னழுத்தத்தை அளக்கும் ஹால் விளைவு அளவீடுகள், 100 தாமிரத்துக்கு 19 துளை என்ற இடத்தருகே, ஓடும் துளைகளின் எண்ணிக்கை சடாரென்று ஏறுவதைக் காட்டின. அதற்கு முன் கூடுதலாகச் சேர்த்த துளைகள் மட்டுமே ஓடின. அதற்குப் பின் தாமிரத்துக்கு ஒன்று வீதம் பூட்டிக்கிடந்தவையும் சேர்ந்து ஓடுகின்றன.

நடுப்பகுதியின் விநோதம் மின்தடையில் தெரியும். உச்ச மாறுநிலை உள்ள சேர்மத்தில் மின்தடை எண் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில், நேர்கோடாக, ஏறுகிறது. தாமிரக் கம்பியிலும் அறை வெப்பநிலையில் நேர்கோடுதானே என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. கம்பியில் அதற்குக் காரணம் அணிக்கோவை அதிர்வு, அதாவது அடுக்கிலுள்ள அணுக்களின் அதிர்வு. குளிர்வித்தால் அதிர்வு அடங்கி, கோடு தரையோடு தட்டையாகும். மாறுநிலை 10 கெல்வினுக்கும் குறைந்த ஒரு பிஸ்மத் சேர்மத்தில் 1990-இல் அளந்தபோது, 10 கெல்வின் முதல் 700 கெல்வின் வரை கோடு வளையவே இல்லை. அதிர்வுகள் உறைந்துபோன வெப்பநிலையிலும் அதே சரிவு. லாந்தனம் சேர்மத்தில் 1000 கெல்வின் வரை ஏறியும் நிற்கவில்லை. அந்த உயரத்தில், இரண்டு மோதல்களுக்கு இடையே எலக்ட்ரான் ஓடும் தூரம் அணுக்களின் இடைவெளியைவிடக் குறைவு என்று கணக்கு வருகிறது. அப்படியானால் எலக்ட்ரான் ஓடுகிறது, மோதுகிறது என்ற படமே அங்கே செல்லாது.

காரணம் என்ன என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. மாறுநிலைக்கு மேலேயே இணைகள் உருவாகிவிட்டன, ஒத்திசைவு மட்டும் வரவில்லை என்பது ஒரு தரப்பு. மின்னூட்ட அலை போன்ற வேறோர் ஒழுங்கு மீக்கடத்தலோடு போட்டியிடுகிறது என்பது இன்னொன்று. மூன்றாவதில் நமக்குப் பங்குண்டு. அமெரிக்க இயற்பியலாளர் ஆண்டர்சன் 1987-இல் முன்வைத்த கருத்தை, சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரன் அவரோடும் சோ என்ற இன்னோர் ஆய்வாளரோடும் சேர்ந்து அதே ஆண்டில் கணக்காக்கினார். காந்த மின்கடத்தாப் பொருளிலேயே தற்சுழற்சிகள் இணை இணையாகக் கட்டுண்டிருக்கின்றன. துளைகள் வந்ததும் அந்த இணைகளே மீக்கடத்துகின்றன என்பது அதன் சாரம். இணைக்கட்டு உருவாகும் வெப்பநிலையும் மீக்கடத்தும் வெப்பநிலையும் துளை குறைந்த பக்கம் வேறுவேறாக இருக்கும் என்று அது சொன்னது, போலி இடைவெளி பரவலாகப் பேசப்படுவதற்கு முன்பே. தமிழ் நாளிதழ் ஒன்று மீக்கடத்தி பற்றி எழுதும்போது இந்தப் பெயர் இல்லாமல் எழுதக் கூடாது என்பது எங்கள் எண்ணம்.

இனி எங்கள் மாவட்டத்து மாணவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் விஷயம். கண்காட்சியில், மாணவர்கள் சுட்டெடுத்த மீக்கடத்தி வில்லை திரவ நைட்ரஜனில் குளிர்ந்து காந்தத்தின் மேல் மிதந்தால் பரிசு, மிதக்காவிட்டால் வில்லை குப்பைக்கு என்ற பழக்கம் இருக்கிறது. மிதக்காத வில்லையில்தான் மேலே சொன்ன இயற்பியல் கிடக்கிறது. தயவுசெய்து அதைத் தூக்கி எறிய வேண்டாம்.

சுமார் 6.6 கிராம் இட்ரியம் சேர்மத்துக்கு இட்ரியம் ஆக்ஸைடு 1.129 கிராம், பேரியம் கார்பனேட் 3.947 கிராம், தாமிர ஆக்ஸைடு 2.386 கிராம் வேண்டும். நம் உப்புக்காற்றில் எடை போடுவதே முதல் சிக்கல். இட்ரியம் ஆக்ஸைடு ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுக்கும். எடை போடுவதற்கு முன் 900 டிகிரி செல்சியஸில் சுட்டு, ஈரம் புகாத ஜாடியில் ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் இட்ரியம் குறைந்து, பேரியம் தாமிர ஆக்ஸைடு மிச்சமாகி உருகி மூசையில் ஒட்டும். பேரியம் கார்பனேட் நஞ்சு. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் அரைக்கக் கூடாது. 900 முதல் 930 டிகிரிக்குள் 12 மணி நேரத்துக்குக் குறையாமல் சுட்டு, அரைத்து, மறுபடி சுட்டு, வில்லையாக அழுத்தி, 930 முதல் 950 டிகிரிக்குள் இன்னொரு முறை சுட வேண்டும். கறுப்புக்குப் பதில் பச்சை தெரிந்தால் கலவையோ வெப்பநிலையோ தவறிவிட்டது.

ஆக்ஸிஜன் ஏற்றுவதுதான் துளை எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. ஆக்ஸிஜன் ஓட்டத்தில் 450 டிகிரியில் 12 மணி நேரம் வைத்து மெதுவாக ஆற்றினால் வாய்பாட்டில் (ஓர் இட்ரியம், இரண்டு பேரியம், மூன்று தாமிரத்துக்கு) ஆக்ஸிஜன் 6.9-ஐத் தாண்டி, மாறுநிலை 90 கெல்வின் பக்கம் வரும். காற்றிலேயே 600 டிகிரியில் வைத்துச் சட்டென்று குளிர்வித்தால் ஆக்ஸிஜன் 6.6 பக்கம் நின்று, மாறுநிலை 60 கெல்வின் அளவுக்கு இறங்கும். ஆற்றும் நேரத்தில் மின்சாரம் போய்ச் சூளை வேகமாகக் குளிர்ந்தாலும் ஆக்ஸிஜன் குறையும். அது கெட்டுப்போன வில்லை அல்ல, துளை குறைந்த வில்லை. எவ்வளவு ஏறியது என்று தராசே சொல்லும். 2 கிராம் வில்லையில் ஆக்ஸிஜன் 6.5-இலிருந்து 6.95 ஆனால் எடை 22 மில்லிகிராம் அளவுக்குக் கூடும்.

அளப்பதற்கு, மின்னோட்டத்துக்கு இரண்டு, மின்னழுத்தத்துக்கு இரண்டு என நான்கு முனை முறையே வேண்டும். 10 மில்லிமீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பட்டையில் மின்னழுத்த முனைகள் 5 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், நல்ல வில்லையின் மின்தடை அறை வெப்பநிலையில் 8 மில்லி ஓம் அளவே. 10 மில்லி ஆம்பியர் செலுத்தினால் கிடைப்பது 80 மைக்ரோவோல்ட். சாதாரண மல்டிமீட்டரில் இது தெரியாது, மைக்ரோவோல்ட்மீட்டர் தேவை. கம்பி இணைப்புகளில் உருவாகும் வெப்ப மின்னழுத்தமும் இதே அளவில் இருப்பதால், ஒவ்வொரு புள்ளியிலும் மின்னோட்டத்தின் திசையை மாற்றி இரண்டு மின்னழுத்த அளவுகளின் வேறுபாட்டில் பாதியை எடுக்க வேண்டும். இதைச் செய்யாதவர்களுக்கு மாறுநிலைக்குக் கீழே மின்தடை பூஜ்யமாகாது. சில வேளை எதிர்க்குறியிலும் வரும்.

வெப்பநிலைக்குப் பிளாட்டினம் 100 உணரி போதும். 77 கெல்வினில் அது ஏறக்குறைய 20 ஓம் காட்ட வேண்டும். வில்லையும் உணரியும் ஒரே தாமிரக் கட்டியில் ஒட்டியிருக்கட்டும். கட்டியைத் திரவ நைட்ரஜன் மட்டத்துக்கு மேலே தொங்கவிட்டு, நிமிடத்துக்கு 1 அல்லது 2 கெல்வின் இறங்கும்படி மெதுவாகத் தாழ்த்துங்கள். குளிர்விக்கும்போதும் சூடேற்றும்போதும் வரும் வளைகோடுகள் விலகினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். பாத்திரத்துக்கு மீன் அனுப்பும் தெர்மோகோல் பெட்டியில் புதியதொன்று போதும். திரவ நைட்ரஜன் நம் ஊர்களுக்குப் புதிதல்ல. சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சிகள் அதில்தான் இருக்கின்றன. கால்நடை மருந்தகக் குடுவையில் கை வைக்காமல் வாயு விற்பனையாளரிடம் விலைக்கு வாங்குங்கள். 1 லிட்டர் திரவம் சுமார் 700 லிட்டர் வாயுவாகும். அறை திறந்திருக்க வேண்டும், மூடியை இறுக்கக் கூடாது.

வெள்ளிப் பசை இணைப்பு விட்டுப்போவதுதான் இங்கே அடிக்கடி நடக்கிறது. வில்லை ஈரத்தோடு வினைபுரிந்து மேலே பேரியம் கார்பனேட் தோல் படிகிறது. அது மின்சாரம் கடத்தாது. பசை வைக்கும் முன் மெல்லிய உப்புத்தாளால், தண்ணீர் தொடாமல், தேய்த்தெடுக்க வேண்டும். 77 கெல்வினிலிருந்து எடுத்த வில்லையைத் திறந்த வெளியில் வைத்தால் நிமிடத்தில் வியர்த்து நனைந்துவிடும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவுக்குள் அறை வெப்பநிலைக்கு வரட்டும். ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானால் 120 டிகிரியில் உலர்த்தித் திரும்பப் போடுங்கள்.

வரைபடத்தைப் படிக்கும்போது 150 முதல் 290 கெல்வின் வரை உள்ள புள்ளிகளுக்கு நேர்கோடு போடுங்கள். ஆக்ஸிஜன் நிறைந்த வில்லையில் புள்ளிகள் கோட்டோடு ஒட்டி வந்து, மாறுநிலைக்கு 10, 15 கெல்வின் மேலே கீழ்நோக்கி வளையும். அது மீக்கடத்தலின் ஏற்ற இறக்கம். ஆக்ஸிஜன் குறைந்ததில் 200 கெல்வினுக்கு மேலேயே விலகல் தொடங்கலாம். ஆனால் எச்சரிக்கை: வில்லையில் துகள்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. தளத்துக்குள் மின்தடை இறங்கும்போது தளங்களுக்குக் குறுக்கே அது ஏறலாம். துகள்களின் விளிம்பும் தன் பங்கைச் சேர்க்கும். ஆகவே வில்லையில் கண்ட விலகலை மட்டும் வைத்துப் போலி இடைவெளியை அளந்துவிட்டோம் என்று எழுத வேண்டாம். ஒற்றைப் படிகத்தில் தெளிவாகத் தெரிவது இங்கே மங்கலாகத் தெரிகிறது என்று எழுதுங்கள், அது உண்மை. ஒரே கலவையில் செய்த இரண்டு வில்லைகளை, ஆக்ஸிஜன் அளவு மட்டும் வேறாக, ஒரே வரைபடத்தில் காட்டினால் வாதம் வலுக்கும்.

உங்களிடம் கேட்பது இரண்டு. திருத்தத்தை அதே அறிவியல் பக்கத்தில் போடுங்கள். அடுத்த முறை மீக்கடத்தி பற்றி எழுதும்போது மின்தடை வரைபடத்தை 100 கெல்வினில் வெட்டிவிடாமல் 300 கெல்வின் வரை முழுதாக அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்கள் சிலர்,
மண்டபம், கீழக்கரை, இராமநாதபுரம்.